வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளை வளர்க்கும் டெல்டா மாவட்டப் பெற்றோர் தங்களைப் பற்றிக் கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம், ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும்) போன்ற வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளை வளர்க்கும் தாய் தந்தையர், பயிற்சி மையத்தின் திண்ணையிலும் மருத்துவமனை வரிசையிலும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதற்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். இந்தப் பக்கம் பெற்றோரின் உடல், மனம், உறக்கம், பணம், உறவு ஆகியவற்றைப் பற்றியது.

பிள்ளையின் பாடே பெரும்பாடாக இருக்கும்போது என் நலனைப் பற்றி யோசிப்பது சுயநலமாகாதா?

ஆகாது. பயிற்சியாளர் வாரத்தில் ஓரிரு முறை, முக்கால் மணி நேரம் பிள்ளையோடு இருக்கிறார். மற்ற நேரமெல்லாம் ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் பேச வைப்பதும் சமாதானப்படுத்துவதும் வீட்டில் இருப்பவர்தான், பெரும்பாலும் தாய்தான். அவர் படுத்துவிட்டால் பிள்ளையின் பயிற்சியும் அன்றே நின்றுவிடுகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு மன அழுத்தம் மற்றப் பெற்றோரைவிட அதிகமாக இருப்பதையும், தந்தையைவிடத் தாய்க்கு அது கூடுதலாக இருப்பதையும் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பெற்றோர் பயிற்சித் திட்டம் 9 குழு அமர்வுகளும் 3 வீட்டுச் சந்திப்புகளும் கொண்டது. பிள்ளையோடு விளையாடுவது, பேச்சை வளர்ப்பது ஆகியவற்றோடு பெற்றோர் தம்மைக் கவனித்துக்கொள்வதும் அதில் பாடமாகவே இருக்கிறது.

‘தெய்வம் உன் மனசைப் பார்த்துத்தான் இந்தப் பிள்ளையைக் கொடுத்திருக்கிறது’ என்று உறவினர்கள் சொல்வது நல்லெண்ணத்தில்தான். ஆனால் இந்தப் பெற்றோரிடம் தைரியத்துக்குப் பஞ்சம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்களிடம் இல்லாதது நேரம். ஆகவே கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை, எந்த வேலையை, எந்த ஒரு மணி நேரத்தை, யாரிடம் ஒப்படைக்கலாம் என்ற கேள்விக்கே திரும்பி வரும்.

இரவில் முழுத் தூக்கம் தூங்கிப் பல மாதங்கள் ஆகின்றன. பிள்ளை எப்போது எழுந்து வெளியே போய்விடுவானோ என்ற பயம். என்ன செய்வது?

நம் பக்கத்துத் தாய்மார்களிடம் அதிகம் கேட்கும் கவலை இதுதான்; அதற்குக் காரணமும் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு உறக்கம் குறைவு. அவர்களில் பலருக்குத் தண்ணீரின் மீது தனி ஈர்ப்பும் உண்டு. நாம் இருப்பதோ வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால், தெருமுனையில் குளம், ஊருக்கு வெளியே ஆறு என்று இருக்கும் நாடு. வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறந்து, சில நாட்களில் கல்லணையும் திறக்கப்பட்ட பிறகு, நேற்று வரை பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிய வறண்ட வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர் ஓடும். நிலைப்படியில் குறுக்கே பாய் விரித்துப் படுக்கும் தாய்மார்கள் இங்கே இருக்கிறார்கள். பிள்ளை தாண்டினால் தன் மீது கால் படும், உடனே விழித்துக்கொள்ளலாம் என்பதற்காக அப்படிப் படுக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் காவலை உடம்பால் செய்யாமல் கதவால் செய்ய வேண்டும்.

பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், கதவின் மேல்பகுதியில் இன்னொரு தாழ்ப்பாள் போடுங்கள். கொல்லைக் கதவுக்கும் அது வேண்டும், ஏனென்றால் வாய்க்கால் பெரும்பாலும் கொல்லைப் பக்கம்தான் இருக்கிறது. கதவில் ஒரு மணியைக் கட்டிவிட்டால் அது அசையும்போது எழுந்துகொள்ளலாம். வீட்டில் உள்ள பெரியவர்கள் அனைவருக்கும் இருட்டிலும் அந்தத் தாழ்ப்பாளைத் திறக்கத் தெரிந்திருப்பது அவசியம். பிள்ளையின் சட்டையின் உட்புறம் தொலைபேசி எண்ணைத் தைத்து வையுங்கள். டீக்கடைக்காரரிடமும் படித்துறைக்கு அருகில் குடியிருப்பவர்களிடமும் பிள்ளையை நேரில் அழைத்துச் சென்று காட்டி, ‘இவன் தனியாக வந்தால் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு எனக்குச் சொல்லுங்கள்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை காணாமல் போனால், தெருவில் தேடுவதற்கு முன் ஒருவர் தண்ணீர்ப் பக்கம் ஓட வேண்டும் என்பதை வீட்டில் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீச்சல் கற்றுக்கொடுக்க முடிந்தால் கற்றுக்கொடுங்கள். அதை நம்பிக் காவலை மட்டும் தளர்த்திவிடக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகு, இரவைப் பங்கிடுங்கள். பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை ஒருவர், அதன் பின் மற்றவர் என்று முறை வைத்தால், ஒவ்வொருவருக்கும் நான்கு மணி நேரமாவது கலையாத உறக்கம் கிடைக்கும். ஒவ்வோர் அரை மணிக்கும் விழித்து விழித்து எட்டு மணி நேரம் படுத்திருப்பதைவிட அது உடம்புக்கு நல்லது. பிள்ளையின் தூக்கமின்மையை மருத்துவரிடம் தனிப் பிரச்சினையாகச் சொல்லுங்கள். மலச்சிக்கல், பல்வலி, இரவில் வரும் வலிப்பு, படுக்கும் நேரத்தில் கைபேசி எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். அவற்றுள் பல சரிசெய்யக்கூடியவை. பிள்ளையைத் தூங்க வைப்பதற்காக இருமல் மருந்தைக் கொடுக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது ஆபத்தானது.

இது என் தவறால் வந்ததா?

இல்லை. இந்தப் பதிலைத் தாய்மார்கள் ஒரு முறை கேட்டு நம்புவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கிரகணத்தன்று வெளியே வந்தது, கர்ப்ப காலத்தில் அழுதது, மாமியார் வீட்டில் சண்டை, வேலைக்குப் போனது என ஒவ்வொரு தாயிடமும் ஒரு குற்றப்பத்திரிகை இருக்கிறது. அதில் பாதியை எழுதிக் கொடுத்தவர்கள் உறவினர்கள். மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் இதே தவற்றைச் செய்தது. தாயின் பாசக்குறைவால்தான் ஆட்டிசம் வருகிறது என்று 1950-களிலும் 60-களிலும் மேலை நாட்டு மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். ஆட்டிசம் உள்ள மகனுக்குத் தந்தையும் உளவியலாளருமான பெர்னார்ட் ரிம்லண்ட், 1964-இல் அதை மறுத்து, இது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று வாதிட்டார். அந்தப் பழைய கொள்கையை இன்று மருத்துவ உலகம் ஏற்பதில்லை. தடுப்பூசியால் வருகிறது என்ற பேச்சும் அப்படியே. அதற்கு அடிப்படையாக 1998-இல் ‘லான்செட்’ இதழில் வந்த கட்டுரையை அந்த இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நிதானித்துப் பதில் சொல்ல வேண்டும். தாய்மாமனையோ அத்தை மகனையோ மணந்துகொண்டால், இருவரும் ஒரே மரபணுக் குறையை மறைவாகச் சுமந்திருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் சில பரம்பரை நோய்களுக்கான வாய்ப்பும் கூடும். எனினும் அத்தகைய தம்பதியரின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் குறையின்றியே பிறக்கிறார்கள்; சொந்தத்தில் மணக்காதவர்களுக்கும் வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகள் பிறக்கிறார்கள். மறைவான குறை என்றால் அது இரு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் என்பதால், ‘உங்கள் வீட்டு ரத்தம்’ என்று ஒரு பக்கத்தை மட்டும் குற்றம் சொல்வது அறிவியல்படியே பொருந்தாது. அடுத்த குழந்தை பற்றி யோசிப்பவர்கள், கருவுறும் முன்பே மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. குற்றம் யாருடையது என்று பேசுவதால் அந்த ஆலோசனை தள்ளிப்போகிறதே தவிர வேறு பயன் இல்லை.

எனக்கு இருப்பது வெறும் அசதியா, சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வா?

ஒரு நாள் ஓய்வு கிடைத்து, நன்றாகத் தூங்கி எழுந்ததும் மனம் லேசானால் அது பெரும்பாலும் அசதி. இரண்டு வாரங்களுக்கு மேலாக, ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் எதிலும் ஈடுபாடு இல்லாமை, காரணமின்றி அழுகை, பசியின்மை, பிள்ளை தூங்கும்போதும் தமக்குத் தூக்கம் வராமை, ‘நான் எதற்கும் உதவாதவள்’ என்ற எண்ணம் ஆகியவை தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் மனச்சோர்வு தலைவலியாகவும் நெஞ்சுப் படபடப்பாகவும் ‘உடம்பெல்லாம் ஒரே குடைச்சல்’ என்றும் வெளிப்படுவது உண்டு. ஸ்கேன் எல்லாம் சரியாக இருந்தும் வலி போகாதவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். அதே வேளையில் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் அறிக்கைகளைக் கோப்பு கோப்பாக வைத்திருக்கும் தாயிடம் தன் ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்றுகூட இருப்பதில்லை.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போக முடியாதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் மனநல ஆலோசனை எண்ணை எந்த நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசுச் சேவை அது.

பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்திருந்தாலும், அதை இன்றே இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416-ஐயும் இன்றே அழையுங்கள். அத்தகைய எண்ணம் வருவது நீங்கள் கெட்ட தாய் அல்லது கெட்ட தந்தை என்பதைக் காட்டுவதில்லை. உடனடியாக மருத்துவ உதவி வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள் என்பதைக் காட்டுகிறது. உங்களிடம் ஒருவர் இதைச் சொன்னால் அவரைக் கண்டிக்காமல், அன்றிரவு தனியே விடாமல், வீட்டில் உள்ள பூச்சிமருந்து டப்பாவை முதலில் அப்புறப்படுத்துங்கள். விவசாய வீடுகளில் அது கைக்கெட்டும் இடத்தில் இருப்பதுதான் பல உயிர்களைப் பறித்திருக்கிறது.

கணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார். மாமியாரோடு நானும் பிள்ளையும். உதவி கேட்டால் ‘நாங்கள் வளர்க்கவில்லையா’ என்கிறார்கள்.

திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் பாதிக் குடும்பங்களின் கதை இது என்று சொல்லத் தோன்றும். கணவர் அனுப்பும் பணத்தில்தான் பயிற்சி நடக்கிறது என்பதால், அவரிடம் குறை சொல்லத் தாய் தயங்குகிறார். வாரம் ஒரு நாள் வீடியோ அழைப்பில் பிள்ளை சிரிப்பதைப் பார்க்கும் தந்தை, எல்லாம் சரியாகிக்கொண்டிருக்கிறது என்று நம்புகிறார். அந்த அழைப்பைப் பிள்ளை அமைதியாக இருக்கும் நேரத்தில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மாலை ஆறு மணிக்கு, கையைக் கடித்துக்கொண்டு கத்தும் நேரத்திலும் அவர் பார்க்கட்டும். தொலைவில் இருந்தே செய்யக்கூடிய வேலைகளை அவரிடம் கொடுங்கள்: இணையத்தில் விண்ணப்பங்களை நிரப்புவது, பள்ளி ஆசிரியரிடம் பேசுவது, தம் அம்மாவிடம் பேசுவது. கடைசியில் சொன்னதுதான் மிகவும் பயன்படும். மருமகள் சொன்னால் குறையாகக் கேட்பது மகன் சொன்னால் செய்தியாகக் கேட்கும்.

மாமியாரிடம் ‘உதவுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் அறிவுரைதான் கிடைக்கும். ‘தினமும் நாலு மணியிலிருந்து அஞ்சு மணி வரை அவனை ஊஞ்சலில் வைத்துக்கொள்ளுங்கள் அத்தை, நான் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுகிறேன்’ என்று மணியும் வேலையும் சொல்லிக் கேட்டால் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் கூடுதலாகக் கிடைத்தாலும், தொலைக்காட்சி ஓடினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் பயிற்சியாளர் சொன்னபடியே நடக்க வேண்டும் என்று நின்றால் மறுநாள் யாரும் வரமாட்டார்கள். ஒருமுறையாவது மாமியாரைப் பயிற்சி மையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்; மருமகள் சொன்னதையே வெளியாள் சொல்லிக் கேட்ட பிறகு மாறிய பாட்டிகள் உண்டு.

நடவு, களையெடுப்பு, நூறு நாள் வேலை என்று கூலிக்குப் போகிறேன். பிள்ளையை யாரிடம் விடுவது?

இதற்கு நேர்த்தியான பதில் எதுவும் என்னிடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பகல் நேரப் பராமரிப்பு மையங்கள் ஊருக்கு ஊர் வந்தால்தான் இது தீரும். இப்போதைக்குச் செய்யக்கூடியவை சில. உங்கள் வட்டார வள மையத்தில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து கற்பிக்கும் ஏற்பாடும் அங்கேதான் கேட்கப்பட வேண்டும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளையை அங்கன்வாடியில் சேர்க்க உரிமை உண்டு. ‘இந்தப் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது’ என்று வாய்மொழியாக மறுத்தால், எழுத்தில் தருமாறு கேளுங்கள். மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பவர்கள், நடவுக் காலத்தில் முறை வைத்து ஒருவர் வீட்டில் தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் அவருக்குக் கூலி தருவதைப் பேசிப் பார்க்கலாம்.

கோபத்தில் பிள்ளையை அடித்துவிடுகிறேன். பிறகு நானே அழுகிறேன்.

அடிப்பதால் பிள்ளையின் பழக்கம் மாறாது. பயம் கூடி, கத்தலும் கடித்தலும் அதிகமாகும். ஆனால் உங்களுக்குக் குற்றவுணர்வை ஏற்றுவதாலும் எதுவும் மாறப்போவதில்லை. எந்த நேரத்தில் கை ஓங்குகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பள்ளி வாகனம் வரும் முன் அரை மணி, அல்லது இரவுச் சாப்பாட்டு வேளை என்று ஏதோ ஒரு நேரத்தில் அது குவிந்திருக்கும். இரண்டாவது ஆள் தேவைப்படுவது அந்த நேரத்துக்குத்தான். ஆள் இல்லாத நாளில், பிள்ளைக்குக் காயம் நேராத இடத்தில் உட்கார வைத்துவிட்டு, கண்பார்வை எட்டும் தூரத்தில் முற்றத்தில் இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வருவதில் தவறில்லை.

கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. ஒதுங்கிவிட்டோம்.

ஒதுங்குவதால் வலி குறைவதாகத் தோன்றினாலும், சில ஆண்டுகளில் கூப்பிட ஆளே இல்லாமல் போய்விடும். முழு விசேஷத்துக்கும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முகூர்த்தத்துக்கு முந்தைய மாலை, நாதஸ்வரமும் கூட்டமும் இல்லாத வேளையில் போய், மொய் எழுதி, பெண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அல்லது பெற்றோரில் ஒருவர் மட்டும் போய் நிம்மதியாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வரலாம். ‘ஏன் இப்படிச் செய்கிறான்?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: ‘இவனுக்கு ஆட்டிசம், சத்தம் தாங்காது, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுவான்.’ அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.

பரிகாரம், நாடி, ஸ்டெம்செல் சிகிச்சை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். செய்யாவிட்டால் குற்றமாகிவிடுமோ?

வைத்தீஸ்வரன்கோயிலிலும் நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் ஒரு மாலை உட்கார்ந்துவிட்டு வருவதால் மனம் ஆறுகிறது என்றால் போய் வாருங்கள். அது உங்களுக்கான ஓய்வு. நகையை அடகு வைத்துச் செய்யும் எதற்கும் முன்பு மட்டும் நிற்க வேண்டும். ஓலையில் காண்டம் காண்டமாகப் படித்துச் சொல்லும் பரிகாரச் செலவுக்கு இது பொருந்தும். நகரத்தில் கோட் அணிந்தவர் சொல்லும் ஸ்டெம்செல் ஊசிக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஆட்டிசத்துக்கு அந்த ஊசி அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. அங்கீகாரம் இல்லாத நோய்களுக்கு, முறையான ஆய்வுக்கு வெளியே ஸ்டெம்செல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் கூறுகின்றன. வலிப்பு உள்ள பிள்ளைக்குப் பரிகாரத்தை நம்பி மாத்திரையை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

பணச்சுமையைக் குறைக்க எவற்றைக் கேட்டுப் பெறலாம்?

முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், யூடிஐடி எனப்படும் தனித்துவ அடையாள அட்டையும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு உள்ளிட்ட 21 வகைகளை ஏற்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 விழுக்காடு குறைபாடு என்ற சான்று வேண்டும். அறிவுசார் குறைபாடுள்ளவர்களுக்கு மாநில அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருவதோடு, பயிற்சிச் செலவையும் ஏற்பது அதன் சிறப்பு. தனியே பயணம் செய்ய இயலாத அறிவுசார் குறைபாடுள்ளவருக்கும் அவரோடு செல்லும் ஒருவருக்கும் ரயிலில் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 75 விழுக்காடு சலுகை உண்டு. கும்பகோணத்திலிருந்தோ மயிலாடுதுறையிலிருந்தோ சென்னைக்கும் திருச்சிக்கும் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு இது சிறிய தொகை அன்று. எல்லாச் சான்றுகளையும் ஐந்து படிகள் எடுத்து ஒரே பையில் வைத்திருங்கள். அலுவலகத்துக்கு அலையும் வேலையைத் தாய் செய்யாமல், வீட்டில் பிள்ளையைப் பார்க்கத் தெரியாத ஆள் யாரோ அவரிடம் கொடுப்பதே சரியான பங்கீடு.

வளர்ந்த மகளைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போய்விட்டது.

மூளை முடக்குவாதமுள்ள பிள்ளைகளின் தாய்மார் பலருக்கும் வரும் வலி இது. குனிந்து தூக்காமல், முழங்காலை மடித்து உட்கார்ந்து, பிள்ளையை உடம்போடு அணைத்த பிறகே எழ வேண்டும். தரைப் பாயிலிருந்து தூக்குவதைவிட, கட்டில் உயரத்திலிருந்து நகர்த்துவது எளிது. குளியலுக்கு ஒரு நாற்காலியும், சாய்தளமும் வாங்குவதை ஆடம்பரமாக நினைக்காதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சையாளரிடம், மகளுக்கான பயிற்சியோடு உங்களுக்கான பயிற்சியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணன், அக்காவுக்கு நேரமே கொடுக்க முடிவதில்லை. பெரியவளிடமே பொறுப்பை விட்டுவிட்டோம்.

தம்பியை அவள் விரும்பிப் பார்த்துக்கொள்வது வேறு. அவளுடைய டியூஷனும் விளையாட்டும் அதற்காக நிற்பது வேறு. வாரத்தில் ஒரு மாலையாவது அவளோடு மட்டும் வெளியே போய் வாருங்கள். ‘எங்களுக்குப் பிறகு நீதான்’ என்று பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.

எங்களுக்குப் பிறகு யார்?

எல்லாக் கேள்விக்கும் அடியில் கிடப்பது இதுதான். இரவில் உறக்கத்தைக் கெடுப்பதும் இதுதான். அதை ஒரே மூச்சில் தீர்க்க நினைக்காமல், தாள்களாகப் பிரித்துக்கொண்டால் பாரம் குறையும். பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும், பெற்றோரே ஆனாலும் சட்டப்படி பாதுகாவலராகத் தொடர்வதற்கு நியமனம் தேவை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் அங்கம் வகிக்கும் உள்ளூர்க் குழு அதை வழங்குகிறது. விண்ணப்பத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். நிலமோ வீடோ இருந்தால் பிள்ளையின் பங்கைக் குறிப்பிட்டு உயில் எழுதிப் பதிவு செய்யுங்கள். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள அரசு ஊழியர்கள், தம் காலத்துக்குப் பின் பிள்ளைக்கு வாழ்நாள் குடும்ப ஓய்வூதியம் கிடைப்பதற்காக, பணியில் இருக்கும்போதே பிள்ளையின் பெயரையும் குறைபாட்டுச் சான்றையும் பதிவேட்டில் சேர்த்துவிட வேண்டும். இதைத் தள்ளிப்போட்ட குடும்பங்கள் பிறகு ஆண்டுக்கணக்கில் அலைகின்றன.

இன்னொரு தாளை நீங்களே எழுதலாம். பிள்ளைக்கு எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு. சோற்றை எவ்வளவு குழைத்தால் விழுங்குவான். மழையில் இடி இடித்தால் எங்கே போய் ஒளிவான். எந்தச் சத்தம் எழுப்பினால் வயிற்றுவலி என்று பொருள். இவையெல்லாம் இப்போது உங்கள் தலைக்குள் மட்டும் இருக்கின்றன. எழுதி, ஒரு படியைச் சித்தப்பா வீட்டிலோ தாய்மாமன் வீட்டிலோ கொடுத்து, மாதத்தில் ஒரு நாள் அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர்களே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும். முதல் முறை இரண்டு மணி நேரம் போதும்.